மூட்டு மாற்றிய பிறகும் காலை நம்ப முடியவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடுவது எப்படி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் வலிக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கும் குறை, "கால் மேல நம்பிக்கை வரலை" என்பதுதான். ஒருவருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே முட்டி மடங்குகிறது. ஒருவருக்குப் படி இறங்கும்போது உள்ளே எதுவோ நழுவுகிறது. இன்னொருவருக்கு, இவ்வளவு செலவு செய்து நேராக்கிய கால் இன்னும் வளைந்தே இருப்பதாகப் படுகிறது. மூன்றும் வேறு வேறு கோளாறுகள். தீர்வும் வேறு வேறு. ஆனால் மூவருக்கும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நடக்க நடக்கச் சரியாயிடும்."

சிலருக்கு உண்மையாகவே சரியாகிவிடும். சரியாகாதவர்களை ஆறு மாதம், ஒரு வருடம் என்று காக்க வைப்பதுதான் கொடுமை. இரு தரப்பையும் பிரித்துப் பார்க்க நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: முட்டி எவ்வளவு மடங்கியிருக்கும்போது தொல்லை வருகிறது? நேராக நிற்கும்போதா, லேசாக மடங்கி நடக்கும்போதா, நாற்காலி உயரத்துக்கு மடங்கும்போதா? எங்கே வலிக்கிறது என்பதைவிட இந்தப் பதில் காரணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். கீழே உள்ளவற்றை அந்தக் கேள்வியை மனதில் வைத்தே படியுங்கள்.

இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே மருத்துவமனைக்கு

- தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிவது; காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதிப்பது.
- கெண்டைக்கால் வீங்கி இறுகுவது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.
- விழுந்த பிறகோ, 'படக்' என்று ஒரு சத்தத்துக்குப் பிறகோ, நீட்டிய காலைப் படுக்கையிலிருந்து தூக்கவே முடியாமல் போவது. முட்டிச் சில்லுக்கு மேலோ கீழோ உள்ள தசைநாண் அறுந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம்.
- பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் தொங்குவது.
- முட்டி மடங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு நீட்ட வராமல் போவது.

முட்டி சூடாக இருக்கிறது என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். மூட்டுக்குள் கிருமி இருக்கிறதா என்பதை அங்கிருந்து ஊசியில் நீர் எடுத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். முன்கூட்டியே மாத்திரை போட்டுவிட்டால் அந்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே போகலாம். தொற்று இல்லாவிட்டாலும் முட்டி பல மாதங்கள் லேசான சூட்டோடு இருப்பது வழக்கம்தான். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும் அப்படியே.

அறுவையில் செய்தது என்ன

தொடை எலும்பின் நுனியைச் செதுக்கி, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவையில் செய்த உறை ஒன்றை மாட்டுகிறார்கள். கீழ்க்கால் எலும்பின் தலையைத் தட்டையாக வெட்டி அதன் மேல் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக். சில்லின் உள்பக்கத்துக்கும் பிளாஸ்டிக் வைப்பதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவு.

இதில் இரண்டு கணக்குகள் சரியாக வர வேண்டும். முதலாவது நேர்க்கோடு. இடுப்புப் பந்தின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்குக் கோடு இழுத்தால் அது முட்டியின் நடுவில் போக வேண்டும் என்பதே பழைய விதி. இரண்டாவது, இருபுறமும் பின்புறமும் உள்ள லிகமென்ட் என்கிற ஜவ்வுகளின் இறுக்கம். கால் நீட்டியிருக்கும்போது எலும்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, ஏறக்குறைய அதே இடைவெளி 90 டிகிரி மடங்கும்போதும் இருக்க வேண்டும். பந்தல்காலை எவ்வளவு நேராக நட்டாலும் ஒரு பக்கக் கயிறு தளர்ந்திருந்தால் பந்தல் ஆடும். எக்ஸ்ரேயில் தெரிவது கால் மட்டும்தான், கயிறு தெரியாது. "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்பதும் "மூட்டு ஆடுது" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

நடக்கும்போது முட்டி திடீரென்று மடங்கிவிடுகிறது

முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் மூட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் முன்தொடைத் தசையைப் பாருங்கள். அறுவை முடிந்த முதல் மாதத்தில் அதன் வலு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளையும் அந்தத் தசைக்கு முழு உத்தரவு கொடுப்பதில்லை. அறுவை நாளன்றும் மறுநாளும் மடங்கினால், வலி தெரியாமலிருக்கப் போட்ட நரம்பு ஊசியும் காரணமாக இருக்கலாம். அந்த இரண்டு நாளும் துணையில்லாமல் பாத்ரூம் போக விடாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. நோயாளியை மல்லாந்து படுக்க வையுங்கள். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முதலில் நீங்கள் குதிகாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, கால் முழுக்க நேராகிறதா என்று பாருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு அவரையே குதிகாலைத் தூக்கி நீட்டச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கியபோது நேரான கால், அவர் தூக்கும்போது பத்து டிகிரி மடங்கியே நின்றால் குறை தசையில். நீங்கள் தூக்கியபோதே நேராகவில்லை என்றால் மூட்டு இறுகியிருக்கிறது. ஒரு துண்டை வைத்தே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

தசைதான் காரணம் என்றால் வெறுமனே நடப்பது போதாது. நல்ல காலால் இழுத்துக்கொண்டே நடந்துவிடலாம். அறுவை செய்த கால் சோம்பியே கிடக்கும். முன்தொடையை இறுக்கிப் பிடிப்பது, நீட்டிய காலைத் தூக்குவது, உயரமான இருக்கையிலிருந்து இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு எழுவது என்று அந்தத் தசைக்கே நேரடியாக வேலை கொடுக்க வேண்டும். சிலருக்கு மின்தூண்டல் சிகிச்சையும் உதவும். இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். வீட்டிலுள்ளவர்கள் பாசத்தோடு செய்வது இது. ஆனால் பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே பழகிய முட்டியில் நிற்பதற்கு முன்தொடை ஓயாமல் உழைக்க வேண்டும். களைத்த தசை மடங்கத்தான் செய்யும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தானாகக் கீழே அமரும்படி பத்து நிமிடம் விடுங்கள். நாளுக்குப் பலமுறை செய்யுங்கள்.

மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மடங்கினால் இடுப்பு முதுகெலும்பையும் பார்க்க வேண்டும். முன்தொடைக்குப் போகும் நரம்பு அங்கே நசுங்கியிருந்தால் முட்டி மேல் எத்தனை பயிற்சி செய்தாலும் பலன் குறைவு. முதுகுவலியும் தொடையில் மரத்துப்போதலும் சேர்ந்திருந்தால் இதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சமதரையில் சரி, படியிலும் நாற்காலியிலும் ஆட்டம்

எல்லாவற்றிலும் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். கால் நீட்டியிருக்கும்போது மூட்டு கெட்டியாக இருக்கும். படுக்கவைத்துச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் மடங்கும்போது மட்டும் இடைவெளி அதிகமாகி, கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் நழுவும். படி இறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் ஆட்டம் தெரியும். வடிந்த வீக்கம் திரும்பத் திரும்ப வரும். முட்டிக்குக் கீழே உள்பக்கம் தொட்டால் வலிக்கும், ஏனென்றால் அங்கே வந்து சேரும் பின்தொடைத் தசைநார்கள் ஜவ்வு செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்து களைத்திருக்கும்.

ஏமாற்றும் அடையாளம் ஒன்றும் உண்டு. இவர்களுக்கு முட்டி நன்றாக மடங்கும், சீக்கிரமே மடங்கும். "ஒரே மாசத்துல 125 டிகிரி வந்துடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். நன்றாக மடங்கும் முட்டியோடு படியில் பயமும் ஓயாத வீக்கமும் சேர்ந்து இருந்தால், மடக்கு நிலைத் தளர்ச்சியை விலக்கும்வரை "சரியாயிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

காரணங்கள் பல. தொடை எலும்பின் பின்பக்கத்தைக் கூடுதலாக வெட்டிச் சிறிய அளவு உறை போட்டிருக்கலாம். கீழ்க்கால் எலும்பின் வெட்டு பின்னோக்கி அதிகம் சரிந்திருக்கலாம். கீழ்க்கால் எலும்பு பின்னால் நழுவாமல் மூட்டுக்குள் பிடித்திருக்கும் பின் சிலுவை ஜவ்வை விட்டுவைக்கும் வகை மூட்டு என்றால், அந்த ஜவ்வு பிறகு நைந்தோ அறுந்தோ போயிருக்கலாம். அந்த ஜவ்வை எடுத்துவிட்டு நடுவில் பிளாஸ்டிக் முளை வைக்கும் வகையில், மடக்கு இடைவெளி மிகவும் தளர்ந்திருந்தால் தொடை உறை அந்த முளையைத் தாண்டி விலகிவிடவும் கூடும். அரிதுதான். ஆனால் ஆழமாக மடக்கிப் பக்கவாட்டில் திருப்பும்போது, அதாவது கால் மேல் கால் போடுவது, சம்மணம் போடுவது போன்ற நிலைகளில், இது நடக்கிறது. மேலே சொன்ன 'முட்டி மாட்டிக்கொள்வது' பெரும்பாலும் இப்படி வருவது.

சோதனை எளிது: கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, காலை 90 டிகிரியில் தொங்கவிட்டு, கீழ்க்காலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது. இதை மருத்துவரோ பிசியோவோ செய்யட்டும். வீட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம். "உட்கார வைத்தும் ஒருமுறை பார்க்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

லேசான தளர்ச்சிக்கு முன்தொடை, பின்தொடை இரண்டையும் பலப்படுத்துவதும் கீல் வைத்த முட்டிப் பட்டையும் கணிசமாக உதவும். அதிகமாக இருந்தால் மறு அறுவைதான். நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் தடிமனாக மாற்றினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பல நேரம் போதாது. தடிமன் கூடினால் மடக்கு நிலை இறுகும். கூடவே நீட்டு நிலையும் இறுகி, கால் முழுக்க நேராகாமல் போகும். அதனால்தான் தொடைப் பக்க உறையையே மாற்ற வேண்டியிருக்கிறது.

நேராக நிற்கும்போது பக்கவாட்டில் சாய்கிறது, அல்லது பின்னால் வளைகிறது

அடி வைக்கும் ஒவ்வொரு முறையும் முட்டி வெளிப்பக்கமோ உள்பக்கமோ வெட்டி இழுத்தால் பக்க ஜவ்வு தளர்ந்திருக்கிறது. அறுவைக்கு முன் கால்கள் மிகவும் வளைந்திருந்தவர்களுக்கு, நேராக்குவதற்காக உள்பக்க ஜவ்வை விடுவித்திருப்பார்கள். அது அளவு மீறியிருக்கலாம். முட்டிகள் உள்நோக்கி இடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்பக்க ஜவ்வு பல ஆண்டுகளாக இழுபட்டு ஏற்கெனவே நைந்திருக்கும். பக்க இடுப்புத் தசை பலவீனமாக இருந்தாலும் இப்படிச் சாய்ந்து நடப்பார்கள். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கும். அப்போது பயிற்சி தேவைப்படுவது இடுப்புக்கு.

முட்டி பின்னோக்கி வளைந்தால் நீட்டு இடைவெளி தளர்ந்திருக்கலாம். இங்கே இளம்பிள்ளைவாதத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுவயதில் போலியோ வந்து, இப்போது அறுபதைத் தாண்டியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். முன்தொடைத் தசை வேலை செய்யாத அவர்கள், முட்டியைப் பின்னால் பூட்டித்தான் இத்தனை காலம் நடந்திருக்கிறார்கள். அறுவையில் காலை முழுக்க நேராக்கிப் பின்வளைவே இல்லாமல் செய்துவிட்டால், அந்தப் பூட்டும் போய்விடும். எந்த வகை மூட்டு வைப்பது என்பதே இதைப் பொறுத்து மாறும். லேசாக வந்து போனதுதான் என்றாலும் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கால் இன்னும் வளைந்தே இருக்கிறது

முதலில், எதைப் பார்த்து வளைவு என்கிறீர்கள்? முட்டியை மட்டும் காட்டும் சின்ன எக்ஸ்ரேயை வைத்து முழுக் காலின் கோட்டைச் சொல்ல முடியாது. நின்றபடி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். அதிலும் முட்டிச் சில்லு நேர் முன்னால் பார்த்திருக்க வேண்டும். பாதம் வெளியே திரும்பியிருந்தாலோ முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தாலோ, இல்லாத வளைவும் படத்தில் தெரியும். முதல் சில வாரங்களில் முட்டியை முழுக்க நீட்ட முடியாதபோது எடுத்த படத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

அடுத்து, எல்லா மனிதர்களின் காலும் பிறவியிலேயே நேர்க்கோடு அல்ல. பெல்ஜியத்தில் மூட்டுத் தேய்மானம் இல்லாத இளம் தன்னார்வலர்களை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் இயல்பாகவே 3 டிகிரியோ அதற்கு மேலோ வெளிவளைவு, அதாவது முட்டி வெளிப்பக்கம் விலகி நிற்கும் வளைவு, இருந்தது. இதனால் அறுவை மருத்துவர்கள் இன்று இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எல்லாக் காலையும் 180 டிகிரிக்கு, 3 டிகிரி முன்பின் விட்டு, நேராக்குவது ஒரு முறை. அவரவர் காலின் பழைய கோட்டை ஒட்டியே வைப்பது இன்னொரு முறை. உங்கள் காலில் இரண்டு மூன்று டிகிரி வளைவு மிச்சமிருந்தால் அது தெரிந்தே விட்டதாக இருக்கலாம். கேளுங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 3 டிகிரி எல்லைக்குள் இருந்த மூட்டுகள் அதைத் தாண்டியவற்றைவிட 15 ஆண்டுகளில் அதிகம் நிலைத்துவிடவில்லை. எனவே டிகிரி எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கவலைப்பட வேண்டிய வளைவும் உண்டு: கூடிக்கொண்டே போவது. கீழ்த்தட்டு உள்பக்கமாகச் சாய்ந்து பொருந்தியிருந்து, உடல் எடையும் அதிகமாக இருந்தால், அந்தப் பக்க எலும்பு மெல்ல அமுங்கித் தட்டு இன்னும் சாயலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டுத் தரையில் ஒரே டைல்ஸ் கோட்டில் பாதங்களை வைத்து நின்று, முட்டிச் சில்லு முன்னால் பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வைப்பது. மாறாத வளைவுக்கு அவசரமில்லை. மாறும் வளைவை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பாதத்தையும் மறக்காதீர்கள். பல ஆண்டு வளைந்த காலோடு நடந்தவர்களின் குதிகால், அதை ஈடுகட்ட வெளிப்பக்கம் சாய்ந்து பழகியிருக்கும், உள்வளைவு தட்டையாகியிருக்கும். முட்டியை நேராக்கியதும் குதிகாலும் எல்லோருக்கும் திரும்பி வருவதில்லை. பழைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு அடியும் முட்டியை உள்பக்கமாக நெருக்குகிறது என்று பொருள். வளைவைத் தாங்கும் உள்ளட்டை வைத்த செருப்பு இதற்கு உண்மையிலேயே உதவும்.

ஒரு கால் நீளமாகிவிட்டது போல இருக்கிறது

வளைந்த கால் நேரானால் நீளம் கொஞ்சம் கூடும். மற்ற கால் இன்னும் வளைந்திருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இந்த உணர்வு மறைந்துவிடுகிறது. அதற்குள் செருப்பு உயரத்தைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். அறுவை செய்த கால் குட்டையாகத் தோன்றினால் அது முழுக்க நீளவில்லை என்பதே முதல் சந்தேகம். மேலே சொன்ன குதிகால் தலையணைப் பயிற்சிதான்.

சில்லு வெளியே போகிறது. 'டக்' என்று இடிக்கிறது

உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும்போது வரும் வலியில்லாத சின்னச் சத்தம் இயல்பு. மடக்கிய காலை நீட்டும்போது, 30 முதல் 45 டிகிரிக்கு இடையில், சில்லு எதிலோ மாட்டி 'டக்' என்று விடுபட்டு வலித்தால், சில்லுக்கு மேலே தழும்புத் திசு முடிச்சாக வளர்ந்திருக்கலாம். நடுவில் முளை உள்ள வகை மூட்டில் இது வருகிறது. நுண்துளை வழியாகவே எடுத்துவிட முடியும்.

மடக்கும்போது சில்லே வெளிப்பக்கம் சரிந்தால் விஷயம் வேறு. தொடை உறையோ கீழ்த்தட்டோ உள்நோக்கித் திரும்பிப் பொருந்தியிருக்கலாம். முன்னாலிருந்து எடுக்கும் எக்ஸ்ரே எவ்வளவு நேராகத் தெரிந்தாலும் இந்தத் திருகலைக் காட்டாது. சிடி ஸ்கேன் வேண்டும். முன்முட்டி வலி, இறுக்கம், படியில் நம்பிக்கையின்மை மூன்றும் மாதக்கணக்கில் போகாமல், எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தால், திருகலுக்காகச் சிடி எடுக்கலாமா என்று கேளுங்கள்.

பல ஆண்டு நன்றாக இருந்தது, இப்போது ஆடுகிறது

இதற்குப் பயிற்சியை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். முதலில் படம், ரத்தப் பரிசோதனை. பிளாஸ்டிக் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த துகள்களால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு கழன்றிருக்கலாம். உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடி வலித்துப் பிறகு குறைவது இதன் அடையாளம். பல்லிலோ, கால் வெடிப்பிலோ, சிறுநீரிலோ இருந்த கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்கு வந்திருக்கவும் கூடும். சர்க்கரை நோயாளிகள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இங்கே பெரிய உதவி. கழன்ற மூட்டை ஒரு படத்தில் கண்டுபிடிப்பதைவிட, மூன்று வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது எளிது.

மருத்துவரிடம் போகும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்திருக்கும் இம்பிளான்ட் ஸ்டிக்கரைத் தேடி எடுங்கள். எந்த நிறுவனம், எந்த வகை, என்ன அளவு, பிளாஸ்டிக் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மறு அறுவை தேவைப்பட்டால் இந்தத் தகவல் இல்லாமல் பொருத்தமான பாகத்தை வரவழைப்பதே சிரமம். ஸ்டிக்கர் இல்லையென்றால் அறுவை செய்த மருத்துவமனையில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே அரை நிமிட வீடியோ ஒன்று: முன்னாலிருந்து நடப்பது, பக்கவாட்டிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு படி இறங்குவது. அரைக்கால் சட்டையோ, முட்டி தெரியும்படி மடித்துக் கட்டிய வேட்டி, புடவையோ இருக்கட்டும். மருத்துவர் அறையில் நான்கு அடி நடக்கும்போது தெரியாத நழுவல், இரண்டாவது படியில் தெரிந்துவிடும்.